ஷட்டில்காக் கணக்குக்கு ஒரு டோக்கன்: நான்கு வருட அனுபவம்

எங்கள் பேட்மிண்டன் குழுவில் ஆறு பேர். கடைசியாக ஷட்டில்காக் டப்பா வாங்கியது யார் என்று வாராவாரம் சண்டை. 2021இல் ஊரெல்லாம் கிரிப்டோ பேச்சாக இருந்தபோது, இதற்கே ஒரு டோக்கன் (நாமே உருவாக்கும் டிஜிட்டல் வில்லை) போட்டால் என்ன என்று தோன்றியது. பெயர் ‘இறகு’. டப்பா வாங்கி வருபவருக்கு 10 இறகு, விளையாட வருபவர் நாளுக்கு ஒன்று கொடுக்க வேண்டும். நான்கு வருடம் ஓட்டிப் பார்த்துவிட்டேன், எத்தீரியம் என்ற பிளாக்செயினின் (பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுப் பேரேடு) சோதனை நெட்வொர்க்கில்தான், அங்கே நிஜக் காசு கிடையாது.

டோக்கன் வாலட்டுக்குள் (கிரிப்டோவைக் கையாளும் செயலி) இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஸ்மார்ட் கான்ட்ராக்டுக்குள், அதாவது பிளாக்செயினில் ஓடும் நிரலுக்குள், ஒரு பேரேடு இருக்கிறது, இந்த முகவரிக்கு இவ்வளவு என்று. ‘அனுப்பு’ என்றால் ஒரு முகவரியில் கழித்து இன்னொன்றில் கூட்டுகிறது, அவ்வளவுதான். எல்லா வாலட்டும் இதைப் படிக்க முடிவது ஈஆர்சி-20 என்ற பொது வரைமுறையால். 2015இல் ஃபேபியன் ஃபோகல்ஸ்டெல்லரும் விட்டாலிக் பியூட்டரினும் முன்வைத்தது. கட்டாயமானவை ஆறு ஃபங்ஷன் (கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு), இரண்டு ஈவென்ட் (நடந்ததைப் பதிவு செய்யும் அறிவிப்பு). அதையும் நாம் எழுத வேண்டாம், ஓப்பன்செப்பலின் என்ற ஆயத்த நிரல் தொகுப்பில் (லைப்ரரி) எழுதி வைத்திருக்கிறார்கள். பிரௌசரில் ரீமிக்ஸ் என்ற நிரல் எழுதும் தளத்தைத் திறந்து, லைப்ரரியை இழுத்து, பெயர், குறியீடு, எண்ணிக்கை கொடுத்தால் பத்து வரிக்குள் முடிந்துவிடும்.

தமிழில் பெயர் வைத்தபோதுதான் முதல் அடி. கான்ட்ராக்ட் எழுதும் மொழியான சாலிடிட்டியின் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது) ஒரேயடியாக மறுத்தது. மேற்கோள் குறிக்கு முன்னால் ‘யூனிகோட்’ என்ற சொல்லை ஒட்டி எழுத வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போனது.

அடுத்தது சைபர். 1000 இறகு மின்ட் செய்தேன் (புதிதாக உருவாக்கினேன்), வாலட்டில் 0 என்று காட்டியது. கான்ட்ராக்டுக்குப் புள்ளிக்கணக்கு தெரியாது, முழு எண்கள் மட்டும்தான். இயல்பாக 18 தசம இடம் என்று வைத்துக்கொள்கிறார்கள். நான் உருவாக்கியது வெறும் ஆயிரம் துகள், ஒரு துகள் என்பது ஓர் இறகை ஒன்றுக்குப் பின்னால் 18 சைபர் போட்ட எண்ணால் வகுத்தால் வருவது. அப்புறம் தசமத்தையே 0 ஆக்கிவிட்டேன், இறகை யார் பாதியாக வெட்டப்போகிறார்கள்?

மானக்கேடான தவறு இன்னொன்று. மின்ட் ஃபங்ஷனில் ‘உரிமையாளர் மட்டும்’ என்ற கட்டுப்பாட்டைப் போட மறந்துவிட்டேன். மறுநாள் காலை நண்பன் ஒருவன் தன் கணக்கில் ஒரு கோடி இறகு ஏற்றிக்கொண்டு, “அண்ணே, இனி ஆயுசுக்கும் டப்பா வாங்க மாட்டேன்” என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். பிழையைக் கண்டுபிடித்தாலும் அந்த கான்ட்ராக்டைத் திருத்த வழியில்லை. புதிதாக ஒன்றை நெட்வொர்க்கில் ஏற்றி (டிப்ளாய்), எல்லாரையும் அங்கே மாற்ற வேண்டியிருந்தது.

பிறகு சோதனை நெட்வொர்க் மாறிக்கொண்டே இருந்தோம். முதலில் இருந்த ராப்ஸ்டனை 2022 கடைசியில் மூடினார்கள், கோர்லிக்குப் போனோம். 2024இல் அதுவும் போயிற்று, இப்போது செபோலியா. சோதனை நெட்வொர்க் என்றால் அப்படித்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அழிக்கவே முடியாத பேரேடு என்று நான் பெருமை பேசியதன் பாக்கிக் கணக்கை ஒவ்வொரு முறையும் ஒரு நாற்பது பக்க நோட்டிலிருந்துதான் மறுபடி ஏற்றினேன்.

செபோலியாவுக்கு வந்தபோது பழைய கோடு கம்பைல் ஆகவே இல்லை. லைப்ரரியின் ஐந்தாம் பதிப்பு 2023இல் வந்துவிட்டது. உரிமையாளர் முகவரியைக் கன்ஸ்ட்ரக்டரில் (கான்ட்ராக்டை ஏற்றும்போது ஒரே முறை ஓடும் பகுதி) நாமே கொடுக்க வேண்டும், அனுப்புவதற்கு முன் நம் நிரலை நுழைக்க இடம் தரும் ஹூக்கும் பெயர் மாறி வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி. இணையத்தில் பாடம் தேடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: புதுக் கோடுக்கு, எண் வரம்பு மீறுவதைத் தடுக்கும் சேஃப்மேத் போடச் சொன்னால் அந்தப் பாடம் பழசு. சாலிடிட்டி 0.8 முதல் எண் வரம்பு மீறினால் பரிவர்த்தனை தானாகவே ரத்தாகிவிடும்.

செலவா? 2021இல் எத்தீரியம் மெயின்நெட்டில் (நிஜக் காசு ஓடும் நெட்வொர்க்) போட எவ்வளவு ஆகும் என்று கணக்குப் பார்த்தேன். பத்து லட்சம் கேஸுக்கு (வேலைக்கு ஏற்ற கட்டண அலகு) மேல், அன்றைய விலையில் பல ஆயிரம் ரூபாய். அந்த டேப்பை மூடிவிட்டேன். கற்றுக்கொள்ள சோதனை நெட்வொர்க் போதும். அதற்கும் தனி வாலட் வைத்துக்கொள்ளுங்கள், நிஜக் காசு இருக்கும் வாலட்டை எந்தச் சோதனைக்கும் இணைக்காதீர்கள்.

கணக்கு வைக்க இது தேவையா என்றால், தேவையில்லை, நோட்டே போதும். கான்ட்ராக்ட் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை, அதனால்தான் விடவில்லை.

போன வருடம் அதே ஒரு கோடி நண்பன், எனக்கு அனுப்ப வேண்டிய 15 இறகை அவசரத்தில் கான்ட்ராக்டின் சொந்த முகவரிக்கே அனுப்பிவிட்டான். ஈஆர்சி-20 அதைத் தடுப்பதில்லை, அங்கிருந்து எடுக்க நானும் எந்த ஃபங்ஷனும் எழுதி வைக்கவில்லை. அந்தப் பதினைந்தும் இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. தோற்கும் நாளெல்லாம் பிளாக்செயின் கணக்குகளைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் தளத்தைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அவன் ராக்கெட்டை உறையில் போடுகிறான்.