நகரத்துப் பேச்சைக் கற்க ஐடாக்கி: ஒரு மதிப்புரை

ஒரு நாட்டின் மொழியை முறையாகப் படித்துத் தேறியவர்கூட, அந்நாட்டின் நகரமொன்றில் குடியேறிய புதிதில், பேருந்திலும் மாடிப்படியிலும் காதில் விழும் பேச்சு பிடிபடாமல் திணறுவதுண்டு. இந்த இடைவெளியைக் குறைக்க, 2007-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஐடாக்கி என்னும் இணையவழித் தனிப்பயிற்சித் தளம் எவ்வளவு உதவுகிறது என்பதை, கெய்ரோ நகரத்து அரபு மொழியைக் கற்ற அனுபவத்தைக் கொண்டு எழுதுகிறேன். சேவை நன்று, ஆனால் யாரிடம் கற்கிறோம், அவரிடம் எதைக் கேட்கிறோம் என்பவற்றைப் பொறுத்தே அதன் பயன் அமைகிறது.

தளத்தில் இருவகையினர் கற்பிக்கின்றனர். தொழில்முறை ஆசிரியர்கள் தங்கள் கல்வித் தகுதிக்கோ பயிற்சிக்கோ சான்று காட்டியவர்கள். சமூகப் பயிற்றுநர்களுக்கு அத்தகைய சான்று தேவையில்லை. கட்டணத்தை அவரவரே நிர்ணயிக்கின்றனர். இலக்கணம் படிக்க முதல் வகையினரை நாடலாம் என்றாலும், நகரத்துப் பேச்சுக்கு நான் இரண்டாம் வகையினரையே தயங்காமல் பரிந்துரைப்பேன். தேர்ந்த ஆசிரியர், மாணவர் தடுமாறுவதைக் கண்டதும் தெளிவான, திருத்தமான நடைக்கு மாறிவிடுகிறார். மற்ற பாடங்களுக்கு நன்மை தரும் அந்தப் பழக்கமே இங்கே தடையாகிறது.

அரபு மொழியில் எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் இரட்டை வழக்கைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஆராய்ந்த மொழிகளுள் அரபும் ஒன்று. எழுத்து வழக்கில் கேள்விச் சொல் முதலில் வரும். கெய்ரோவாசியோ ‘இஸ்மக் ஏ?’ என்று அதைக் கடைசியில் வைத்துப் பெயர் கேட்பார். இதயத்தைக் குறிக்கும் ‘கல்ப்’ அவர் வாயில் முதல் மெய்யை இழந்து, தொண்டையில் ஒரு சிறு தடையோடு ‘அல்ப்’ என்றாகிவிடும். நாட்டின் தென்பகுதியான மேல் எகிப்தில் வளர்ந்தவர் இதே எழுத்தை வேறு விதமாக ஒலிப்பார் என்பதால், நாட்டின் பெயரைப் பார்த்து மட்டும் பயிற்றுநரைத் தேர்ந்தெடுப்பது போதாது. ஒவ்வொருவரின் பக்கத்திலும் உள்ள அறிமுகக் காணொளியை முழுமையாகக் கேட்டு, எந்த ஊரில் வளர்ந்தார் என்று செய்தி அனுப்பிக் கேட்டுவிட்டு வகுப்பைப் பதிவு செய்வது நல்லது.

என் பயிற்றுநர் கெய்ரோவிலேயே பிறந்து வளர்ந்த இளம்பெண், பொறுமையானவர். அவருடைய வகுப்புகளில் எனக்குப் பெரிதும் உதவியது, பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு குறுக்கீடு. பாடம் நடந்துகொண்டிருக்கையில் அவருடைய தம்பி அறைக்குள் வந்து எதையோ கேட்க, அக்காவும் தம்பியும் அரை நிமிடம் பேசிக்கொண்டனர். அதுவரை எல்லாம் புரிந்துகொண்டிருந்த எனக்கு அந்த அரை நிமிடத்தில் எதுவும் புரியவில்லை. அன்று முதல், வீட்டாரோடும் தோழிகளோடும் பேசுவது போலவே முதலில் ஒருமுறை பேசிக்காட்டுமாறு அவரிடம் கேட்டுக்கொண்டேன். அதை அவருடைய அனுமதியோடு ஒலிப்பதிவு செய்து, புரியாத இடங்களைப் பதிவிலிருந்தே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

‘இன்னொரு முறை சொல்லுங்கள்’ என்று கேட்காமல் பதிவை நாடியதற்குக் காரணம் உண்டு. மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1962-இல் நியூயார்க்கின் பெரிய அங்காடிகளில் நடத்திய ஆய்வில், விற்பனையாளரிடம் நான்காம் தளத்தில் உள்ள ஒரு பொருளைப் பற்றி விசாரித்துவிட்டு, பதில் காதில் விழாதவர் போல மீண்டும் கேட்டார். இரண்டாம் முறை பலரும் கூடுதல் கவனத்தோடு, மதிப்பு மிக்கதாகக் கருதப்பட்ட உச்சரிப்பில் பதில் சொன்னார்கள். திரும்பச் சொல்லச் சொன்ன கணத்திலேயே இயல்பான பேச்சு மறைந்துவிடுகிறது என்பதை என் வகுப்பிலும் நேரில் கண்டேன்.

கொச்சைச் சொற்களின் பட்டியல் இணையத்தில் எங்கும் கிடைக்கும். ஒரு சொல்லை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது என்பதை அறிய ஆள் வேண்டும். ஒவ்வொரு புதிய சொல் வந்தபோதும் ‘இதை உங்கள் அப்பா முன்னால் சொல்வீர்களா?’ என்று கேட்பேன். சிரிப்பார், யோசிப்பார், சில சொற்களுக்கு வேண்டவே வேண்டாம் என்று கையசைப்பார். முன்பின் தெரியாத பெரியவரை ‘இன்த’ என்று ஒருமையில் விளிக்காமல் ‘ஹதரிதக்’ என்று அழைக்க வேண்டும் என்பதை நான் பழகியதும் இப்படித்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே இச்சேவைக்குச் செலவிட்ட பணம் தகும் என்பேன்.

இருவர் மட்டும் பேசும் வகுப்புக்கு எல்லையும் உண்டு. நான்கு நண்பர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசும் வேகமும், தெருச் சத்தத்தின் நடுவே பாதி விழுங்கப்பட்ட சொற்களும் திரைவழியே வந்து சேரா. ஒரே பயிற்றுநரிடம் கற்றால் அவருடைய வயதின், குடும்பத்தின் பேச்சு மட்டுமே நம்மோடு ஒட்டும் என்பதால், அடிப்படை பிடிபட்டதும் வேறு வயதுடைய ஒருவரிடமும் சில வகுப்புகள் எடுக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கவே இன்னும் பழகாதவருக்கு இப்போதைக்கு இது வேண்டாம். எளிய வாக்கியங்களைத் தாமே அமைக்கத் தெரிந்து, குடிபெயரும் நாள் நெருங்கியவர்கள் குறுகிய வகுப்புகளாக வாரம் இருமுறை எடுத்துக்கொண்டு, இடைப்பட்ட நாட்களில் பதிவைக் கேட்டு வருவது நல்ல பலன் தரும்.