சுங்கை சிப்புட்டில் கல்லூரி விண்ணப்ப வகுப்பு: 60 வெள்ளிக்குத் தகுமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில், மளிகைக்கடை ஒன்றின் மாடியில், ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்பிஎம் தேர்வு எழுதிய பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சனிக்கிழமை காலையில் ஒரு வகுப்பு நடக்கிறது. குடும்பத்துக்கு 60 வெள்ளி (ரிங்கிட்). எந்தக் கல்லூரிக்கும் ஆள் பிடித்துக் கொடுப்பதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் பணம் கட்டினேன். இலவச ஆலோசனை என்று மேசை போட்டு உட்காருகிறவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பது ஊருக்கே தெரியும்.

நான் செம்பனை ஆலையில் எடைக் கிராணி. மகள் ஐந்தாம் படிவம் முடித்திருக்கிறாள். விளம்பரத் தாள்களில் வரும் சொற்களை அவள் சரளமாக வாசிப்பாள். ஆனால் கையெழுத்துப் போடப்போவது நான்.

நடத்துகிற டீச்சர் முன்பு ஒரு தனியார் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் இருந்தவர். வெண்பலகையில் ஒரு சொல்லை எழுதுவார், உடனே, "இந்தப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டுமா? எப்போதிலிருந்து?" என்று கேட்பார். உபகாரச் சம்பளம், கடனுதவி, கட்டணக் கழிவு, முன்பணம் எல்லாம் இந்தக் கேள்வியில்தான் தனித்தனியாகப் பிரிந்தன.

வகுப்பின் உச்சம் கட்டணக் கழிவுப் பகுதி. "100 விழுக்காடு உபகாரச் சம்பளம்" என்று கொட்டை எழுத்தில் போட்ட விளம்பரத் தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, அடியில் இருக்கும் பொடி எழுத்தைச் சிவப்புப் பேனாவால் கோடிடச் சொன்னார். கழிவு படிப்புக் கட்டணத்துக்கு மட்டும். பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் நம் தலையில். அதற்கும் கீழே இன்னொரு வரி: ஒவ்வொரு பருவத்திலும் சிஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண் 3.00-க்குக் குறையக்கூடாது, குறைந்தால் கழிவு நின்றுவிடும். எங்கள் ஆலையில் லாரி பழத்தோடு ஒரு முறை எடைமேடை ஏறும், பழத்தைக் கொட்டிவிட்டு வெறுமையாக இன்னொரு முறை ஏறும், வித்தியாசத்துக்குத்தான் காசு. டீச்சர் போட்டுக் காட்டிய கணக்கும் அதுதான். எல்லாச் செலவையும் கூட்டு, திருப்பித் தரவேண்டாத பணத்தை மட்டும் கழி, மிச்சம்தான் நம் சுமை. கடனைக் கழிக்கவே கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். கல்லூரிக்காரர்கள் காட்டும் பட்டியலில் பிடிபிடிஎன் என்ற அரசாங்க உயர்கல்விக் கடனும் கழிவு வரிசையில்தான் உட்கார்ந்திருந்தது.

பிடிபிடிஎன் பற்றியும் உருப்படியாகச் சொன்னார். 1997-இல் தொடங்கிய அந்தக் கடனுக்கு இப்போது ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா, அதாவது சேவைக் கட்டணம். விண்ணப்பிக்கும் முன்பே எஸ்எஸ்பிஎன் என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு திறந்திருக்க வேண்டும். படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் அரசாங்க அமைப்பான எம்கியூஏவின் அங்கீகாரம் இல்லாத படிப்புக்குக் கடன் கிடையாது. ஆகவே கல்லூரியின் பெயரைப் பார்த்தால் போதாது, படிப்பின் பெயரையே பதிவேட்டில் தேடிப் பார்க்க வேண்டும். பி40 என்ற குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பதிவு நேரத்தில் கிடைக்கும் 1,500 வெள்ளி முன்பணம் இனாம் அல்ல, கடனிலிருந்தே பிறகு பிடித்துக்கொள்வார்கள் என்றதும் பின்வரிசையில் ஒரு சலசலப்பு.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான யூபியு விண்ணப்பம் உயர்கல்வி அமைச்சின் கீழ். பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷன் படிப்புக்கான விண்ணப்பம் கல்வி அமைச்சிடம். ஒன்றைப் போட்டால் மற்றொன்றுக்கும் சேர்த்துப் போட்டதாகாது. பல்கலைக்கழகத்தில் இடம் தரப் பார்க்கும் மெரிட் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு முடிவு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. ஓட்டப்பந்தயச் சான்றிதழை அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருப்பவர்கள் எடுத்துத் துடைத்து வைக்கலாம்.

இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிப் பக்கம் விரைவாகப் போனார்கள். 2024 மே முதல் கணக்கு மூன்றாகிவிட்டது. கல்விக்கு எடுப்பது அதில் செஜாத்திரா என்ற கணக்கிலிருந்து. அவ்வளவுதான்.

அமெரிக்கா போக ஆசைப்படும் ஒரு பெண் பிள்ளைக்காக அரை மணி நேரம் கரைந்தது. அமெரிக்க அரசாங்கத்தின் மாணவர் உதவிக்கான எஃப்ஏஎஃப்எஸ்ஏ படிவம் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வாழும் உரிமை பெற்றவர்களைப் போன்ற சிலருக்கும்தான், நமக்கில்லை. 'எர்லி டிசிஷன்' வழியாக விண்ணப்பித்து இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களை விலக்கிக்கொண்டு அங்கேதான் சேர வேண்டும். ஹார்வர்ட், எம்ஐடி போன்ற சில இடங்கள் வெளிநாட்டுப் பிள்ளையின் பண வசதியைப் பார்க்காமலே இடத்தை முடிவு செய்கின்றன. எனக்குப் பயனில்லை, கேட்க நன்றாகத்தான் இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. உத்தரவாதக் கையெழுத்தைப் பற்றிக் கேட்டேன். "ஒப்பந்தத்தில் படித்துக்கொள்ளுங்கள், அண்ணே" என்று கடந்துவிட்டார். தோட்டத்தில் மைத்துனர் பிள்ளைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் உத்தரவாதம் கேட்டு வாசலுக்கு வருவார்கள்; பிள்ளை கட்டாவிட்டால் யார் வீட்டுக்குக் கடிதம் வரும் என்பதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். படித்து முடித்து இத்தனை ஆண்டு வேலை செய்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனைக்கும் ஐந்து நிமிடம்கூட ஒதுக்கவில்லை. திரையில் ஓடியதெல்லாம் மலாயும் ஆங்கிலமும். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு நின்ற தாய்மார்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இருந்தாலும் 60 வெள்ளிக்குத் தகும். கல்லூரியிலிருந்து வருகிற கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் போங்கள், போட்ட பிறகு போய்ப் பயனில்லை. கையில் கிடைத்த விளம்பரத் தாள், இடம் தருவதாக வந்த கடிதம் எல்லாவற்றையும் எடுத்துப் போனால் வகுப்பு முடிந்ததும் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்துத் தருகிறார். பணம் ரொக்கமாகத்தான் வாங்குகிறார்கள். ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.