வழக்கா, ஒப்பந்தமா?

1946–58இல் அமெரிக்காவின் 67 அணுச் சோதனைகளைத் தாங்கிய பசிபிக் தீவு நாடான மார்ஷல் தீவுகள், அணு ஆயுதக் களைவுக்குப் பேச்சு நடத்தும் கடமையை நிறைவேற்றவில்லை என்று 2014இல் ஒன்பது அணு ஆயுத நாடுகள்மீதும் சர்வதேச நீதிமன்றத்தில் மனு போட்டது. அந்த நீதிமன்றத்தின் கட்டாய அதிகார வரம்பை (வழக்கு வந்தால் விசாரணைக்கு உட்படுவதாக முன்கூட்டியே தரும் ஒப்புதல்) ஏற்றிருந்த இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் மீதான மனுக்கள் மட்டுமே வழக்காயின. 2016இல் அவையும் தள்ளுபடி: மனுவுக்கு முன் இரு நாடுகளுக்கிடையே ‘தகராறு’ இருந்ததாக நிரூபணமாகவில்லையாம். பிரிட்டன் வழக்கில் நீதிபதிகளின் வாக்கு 8–8. நீதிமன்றத் தலைவரின் கூடுதல் வாக்கே முடிவு. ஒவ்வொரு நாட்டுக்கும் முன்கூட்டியே எழுத்தில் ஆட்சேபம் அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்தால் இந்த ஓட்டை அடைபட்டிருக்கும்.

அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் இந்தச் சிக்கல் இல்லை. 2017இல் 122 நாடுகள் ஆதரித்தன. 50 நாடுகளின் ஏற்புறுதிகள் (முறையான ஒப்புதல்கள்) சேர்ந்தபின் 2021 ஜனவரி 22இல் அமலானது. சேராத வல்லரசுகளை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் 6ஆம் பிரிவு, சேர்ந்த நாடுகளுக்கு, பாதிக்கப்பட்டோருக்கான உதவியையும் மண்ணைச் சீர்செய்வதையும் கடமையாக்குகிறது. சிறு நாட்டுக்கு இதுவே கைக்கு எட்டும் வழி.