பழைய அஞ்சலட்டை விற்கும் தளமும் முகவரிப் பக்கமும்: ஒரு நெடுநாள் விற்பனையாளரின் அனுபவம்

குடும்பத்தில் சேர்ந்து கிடக்கும் பழைய அஞ்சலட்டைகளை இணையத்தில் விற்கலாமா, நான் விற்கும் தளத்திலேயே கணக்குத் தொடங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது. இதே கேள்வியுடன் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று அதைப் பொதுவில் வைக்கிறேன். கணக்குத் திறக்கும் முறை, கமிஷன், பணம் வந்து சேரும் வேகம் ஆகியவற்றைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அவற்றில் எனக்குக் குறையொன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: அட்டையின் முகவரிப் பக்கத்தை இந்தத் தளம் கையாளும் விதம்.

புதிதாக விற்க வருபவர்கள் படம் உள்ள பக்கத்தையே சரக்கு என்று எண்ணுகிறார்கள். சில நாள் விற்றுப் பார்த்தால், வாங்குபவர்களில் பெரும்பகுதியினர் முதலில் கேட்பது பின்பக்கத்தைத்தான் என்பது தெரிந்துவிடும். அஞ்சல் வரலாறு சேகரிப்பவர்களுக்கு முத்திரையும் அஞ்சல்தலையும் தெளிவாகத் தெரிய வேண்டும். குடும்ப வரலாறு தேடுபவர்களுக்குப் பெயரும் ஊரும் வேண்டும். காலத்தைக் கணிக்க விரும்புபவர்களுக்கு முகவரி எழுதப்பட்டிருக்கும் அமைப்பே போதும். 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியில் முதல் அரசு அஞ்சலட்டை வெளிவந்தபோது ஒரு பக்கம் முழுவதும் முகவரிக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. படம் அச்சிட்ட அட்டைகள் பரவிய பிறகும் நெடுங்காலம் அந்த விதியே நீடித்ததால், எழுத நினைத்த நான்கு வரிகளைப் படத்தின் ஓரத்தில் நெருக்கித்தான் எழுத வேண்டியிருந்தது. பிரிட்டன் 1902-இலும், ஜெர்மனி 1905-இலும், அமெரிக்கா 1907-இலும் பின்பக்கத்தை இரண்டாகப் பிரிக்க அனுமதித்த பிறகே செய்தி இடப்பாதிக்கும் முகவரி வலப்பாதிக்கும் வந்தன. ஆகவே பின்பக்கத்தில் நடுக்கோடு இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தே ஓர் அட்டையின் காலத்தை ஓரளவு குறுக்கிவிடலாம். முகவரியில் ஊரின் பெயர் பெட்ரோகிராட் (ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சில காலம் தாங்கிய பெயர்) என்று இருந்தால் அது 1914-க்கும் 1924-க்கும் இடைப்பட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஜெர்மனி முகவரியில் ஐந்து இலக்கக் குறியீட்டு எண் இருந்தால் அது 1993-க்குப் பிந்தியது.

இவ்வளவு செய்தி அடங்கிய பக்கத்தைத் தேடலுக்குக் கொண்டுவந்ததுதான் இந்தத் தளத்தின் பெரிய சாதனை. அதை மனமாரப் பாராட்டுகிறேன். இரு பக்கங்களையும் ஸ்கேன் செய்து ஏற்றினால், பின்பக்கத்துக் கையெழுத்தைக் கருவியே படித்து, பெயர், தெரு, ஊர் ஆகியவற்றைப் பிரித்துத் தேடலில் சேர்த்துவிடுகிறது. வாங்குபவர்கள் தங்களுக்கு வேண்டிய குடும்பப் பெயரையோ சிற்றூரின் பெயரையோ சேமித்து வைத்தால், பொருந்தும் அட்டை வந்தவுடன் அவர்களுக்கு அறிவிப்புப் போகிறது. என்னிடம் ஒரு வாழ்த்து அட்டை இருந்தது. படம் எங்கும் கிடைக்கும் சாதாரணப் பூங்கொத்து, மூலைகள் மழுங்கியிருந்தன, சேகரிப்பாளர் எவரும் அதைத் திரும்பிப் பார்க்கமாட்டார். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய முகவரியை வேறொரு கை நீல மையால் அடித்து, பக்கத்து ஊர் முகவரி ஒன்றைக் கீழே எழுதி, அட்டையைத் திருப்பி அனுப்பியிருந்தது. இரண்டு ஊர்களின் முத்திரைகளும் ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறி நின்றன. பட்டியலிட்ட அன்று மாலையே ஒருவர் அதை வாங்கினார். அந்த இரண்டாவது முகவரி தம் கொள்ளுப்பாட்டி மணமாகிப் போன வீடு என்றும், அவர் அங்கே குடியேறிய ஆண்டை இந்த முத்திரையிலிருந்துதான் முதன்முதலாக அறிந்ததாகவும் எழுதியிருந்தார். படத்தை மட்டும் காட்டியிருந்தால் அந்த அட்டை அவர் கண்ணில் பட்டிருக்கவே முடியாது. இப்படிப்பட்ட விற்பனை தரும் நிறைவு வேறெதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அதே கருவிதான் இப்போது என் பொறுமையைச் சோதிக்கிறது. அது படித்த முகவரியைத் தேடலுக்குள் வைத்துக்கொள்வதோடு நிற்காமல், பெயரையும் வீட்டு எண்ணையும் தெருவையும் பட்டியலின் தலைப்பிலேயே போட்டுவிடுகிறது. நாம் அழித்துவிட்டு வேறு தலைப்பு எழுதலாம். ஆனால் விற்காத அட்டையை மீண்டும் பட்டியலிடும் ஒவ்வொரு முறையும் பழைய தலைப்பு திரும்பி வந்துவிடுகிறது. பழைய ஊர்ப்பெயரை இன்றைய பெயராக மாற்றுவதும் உண்டு. காலக் கணிப்புக்கு உதவிய ஒரே துப்பு அதனால் போய்விடுகிறது. படத்தில் உள்ள ஊரை விட்டுவிட்டு அட்டை போய்ச் சேர்ந்த ஊரின் பிரிவில் அட்டையைச் சேர்ப்பது இன்னொரு தொல்லை. இவற்றையெல்லாம் கையால் திருத்திக்கொண்டு என்னால் காலம் தள்ள முடியும். பொறுத்துக்கொள்ள முடியாதது, உயிரோடிருக்கக்கூடியவர்களின் முகவரி இப்படி அம்பலமாவது.

நூறாண்டுக்கு முந்தைய அட்டையில் முகவரி தெரிவதால் எவருக்கும் கேடு வரப்போவதில்லை. ஆனால் என்னிடம் வரும் கட்டுகளில் 1970-களையும் 1980-களையும் சேர்ந்த அட்டைகள் ஏராளம். அவற்றைப் பெற்ற குழந்தைகளுக்கு இன்று ஐம்பது, அறுபது வயதுதான் இருக்கும். சிலர் அதே வீட்டில் வசிக்கவும் கூடும். அட்டையின் செய்தியில் நோயும் கடனும் குடும்பச் சண்டையும் இருக்கும். அஞ்சல்காரர் ஒருவர் படித்திருக்கக்கூடிய செய்தி என்பது வேறு; பெயரைத் தட்டினால் உலகில் எவருக்கும் கிடைக்கும் செய்தி என்பது முற்றிலும் வேறு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தனிநபர் விவரங்களை அமெரிக்கா 72 ஆண்டுகளும், இங்கிலாந்து 100 ஆண்டுகளும் பூட்டி வைத்திருந்த பிறகே திறக்கின்றன. 1950-இன் அமெரிக்கக் கணக்கெடுப்பும் 1921-இன் இங்கிலாந்துக் கணக்கெடுப்பும் பொதுமக்கள் கைக்கு வந்தது 2022-இல்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டமும், இறந்தவர்களை விட்டுவிட்டு, உயிரோடிருப்பவர்களின் விவரங்களையே காக்கிறது. அரசுகளே இவ்வளவு தயங்கிச் செய்வதை ஒரு விற்பனைக் கருவி நொடியில் செய்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இதைப் பற்றிப் பலர் முறையிட்ட பிறகு, ‘முகவரியை மறை’ என்று ஒரு பொத்தானைச் சேர்த்தார்கள். எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த அறிவிப்பு அது. அதை அழுத்திப் பார்த்தபோது, கருவி பின்பக்கத்தின் வலப்பாதி முழுவதையும் மங்கலாக்கிவிட்டது. அஞ்சலட்டையைக் கையில் எடுத்துப் பார்த்த எவருக்கும் தெரியும்: அஞ்சல்தலையும் முத்திரையும் முகவரியும் இருப்பது அதே பாதியில்தான். வாங்குபவர் எதற்காகப் பணம் தருகிறாரோ அது முழுவதும் மறைந்துபோகிறது. செய்தி மட்டும், அதாவது உண்மையில் மறைக்கத் தக்க பாதி, பளிச்சென்று தெரிகிறது. அஞ்சலட்டைக்கென்றே ஒரு கருவியை உருவாக்கியவர்கள், அட்டையின் அமைப்பைக்கூடப் பார்க்காமல் இதைச் செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் கோபம் வருகிறது.

ஆகவே நான் வேறு வழி கண்டேன். ஸ்கேன் செய்வதற்கு முன் பசையில்லாத வெள்ளைத்தாள் துண்டு ஒன்றை வீட்டு எண்ணும் தெருவும் உள்ள வரியின் மேல் வைக்கிறேன். பெயரும் ஊரும் முத்திரையும் வெளியே தெரியும். ஒட்டும் தாளை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. உரிக்கும்போது பென்சில் எழுத்தும் அட்டையின் மேற்பரப்பும் அதனோடு வந்துவிடும். இந்த முறையில் ஏற்றிய படங்களைத் தளம் சில மாதங்கள் ஏற்றுக்கொண்டது. பிறகு, ‘பொருளின் ஒரு பகுதி மறைக்கப்பட்டுள்ளது’ என்று ஒவ்வொன்றாக நிராகரிக்கத் தொடங்கியது. விளக்கம் கேட்டு எழுதினால், இரு பக்கமும் முழுமையாகத் தெரிய வேண்டும் என்ற விதியை அப்படியே எடுத்து ஒட்டிய பதிலே வருகிறது.

அந்த விதி ஏன் வந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதில் நியாயமும் உண்டு. கறையையும் கிழிசலையும் மறைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அஞ்சல்தலையை உரித்தெடுத்துவிட்டு, அந்த இடத்தை விரலால் மறைத்துப் படமெடுத்து அனுப்பியவரிடம் நானே ஒருமுறை ஏமாந்தேன். வாங்குபவரைக் காக்க விதி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் அட்டையை வாங்குபவர் ஒருவர் மட்டும் முழுப்படத்தையும் கேட்டுப் பெறும் வசதியை ஏற்படுத்தினால் வாங்குபவர், முகவரிக்கு உரியவர் இருவரின் அக்கறையும் காக்கப்படும். மறைக்கும் பகுதியை விற்பனையாளரே கட்டமிட்டுத் தேர்ந்தெடுக்க விட்டாலும் போதும். இரண்டும் பெரிய தொழில்நுட்பம் அல்ல. எத்தனையோ சாதாரணப் படச் செயலிகளில் இருப்பவைதான்.

நண்பருக்கு நான் சொன்ன பதில் இது: அட்டைகள் முழுவதும் 1920-களுக்கு முந்தையவையாக இருந்தால், இதைவிடச் சிறந்த தளத்தை நான் பார்த்ததில்லை, வாங்குபவர்களின் தரமும் அறிவும் வேறெங்கும் இல்லை. இருந்தாலும் இப்போதைக்குக் கணக்குத் தொடங்க வேண்டாம். அவர் வைத்திருக்கும் கட்டில் அவருடைய அத்தைகளுக்கும் மாமாக்களுக்கும் வந்த அட்டைகள்தான் மிகுதி. அவர்களில் பலர் இன்றும் உயிரோடிருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் காட்டி, அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். மீதியைச் சேகரிப்பாளர்கள் கூடும் சந்தையில் நேரில் விற்கலாம். விலை குறையும், ஆனால் முகவரி கைமாறுவது ஒருவரிடம் மட்டுமே. நானும் 1950-க்குப் பிந்தைய என் பட்டியல்கள் எல்லாவற்றையும் சென்ற மாதம் நீக்கிவிட்டேன். நீக்கிய பிறகும் அவற்றின் தலைப்புகள் தேடலில் சில வாரங்கள் வந்துகொண்டிருந்தன என்பதையும் தொடங்க நினைப்பவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.