கடந்த கரையா, நடந்த கரையா?

டிசம்பர் பிறந்தால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "வாஷிங்டன் கிராசிங் போகலாமா? போனால் எந்தக் கரைக்கு?" நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிற எங்களுக்கு அது காரில் முக்கால் மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. டெலவேர் ஆற்றின் இரண்டு பக்கமும் ஒரே சம்பவத்துக்கான பூங்காக்கள்: 1776-இல் ஜார்ஜ் வாஷிங்டன் படையோடு அந்த ஆற்றைக் கடந்தது. மேற்கே பென்சில்வேனியாவின் வாஷிங்டன் கிராசிங் ஹிஸ்டாரிக் பார்க். கிழக்கே நியூ ஜெர்சியின் வாஷிங்டன் கிராசிங் ஸ்டேட் பார்க். பெயரை அரைகுறையாக ஜிபிஎஸ்ஸில் தட்டிவிட்டு எதிர்க்கரையில் போய் நின்ற குடும்பங்கள் எங்கள் குழுவில் இரண்டு உண்டு. அதில் ஒன்று என் குடும்பம்.

பென்சில்வேனியா கரையில் கிறிஸ்துமஸ் அன்று அதை நடித்துக் காட்டும் படகு நிகழ்ச்சி. எங்கள் நியூ ஜெர்சி கரையில் ஜனவரி 1 அன்று ஊர்கூடி நடைபோடும் 'ஃபர்ஸ்ட் டே ஹைக்'. ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை குளிரில் நிற்க எல்லோருக்கும் தெம்பு இருக்காது. என் ஓட்டு நடைக்குத்தான். ஏன் என்று சொல்கிறேன்.

1776 டிசம்பர் 25 இரவு. அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷாரிடம் தொடர்ந்து தோற்றுப் பின்வாங்கிக்கொண்டிருந்த ஜார்ஜ் வாஷிங்டன், சுமார் 2,400 பேரோடும் 18 பீரங்கிகளோடும் பென்சில்வேனியா பக்கத்திலிருந்து ஆற்றைக் கடந்தார். நள்ளிரவுக்குள் எல்லாம் அக்கரை சேர வேண்டும் என்பது திட்டம். பனிக்கட்டி மிதக்கும் ஆறு, ஆலங்கட்டியும் பனியும் கலந்த காற்று. முடிக்க விடியற்காலை மூன்று ஆகிவிட்டது. நான்கு மணிக்குத்தான் நடக்கவே ஆரம்பித்தார்கள். ஏறக்குறைய ஒன்பது மைல் தள்ளி டிரென்டனில் இருந்த, பிரிட்டன் கூலிக்கு அமர்த்திய ஹெஸ்ஸிய ஜெர்மானியப் படையை எட்டு மணி வாக்கில் தாக்கி, சுமார் 900 பேரைச் சிறைபிடித்தார்கள். படகில் இருந்த நேரம் ஓவியமாகி உலகப் புகழ் பெற்றுவிட்டது. இருட்டில் நடந்த அந்த நான்கு மணி நேரத்துக்கு அந்தப் புகழ் கிடைக்கவில்லை. அந்த நடை நியூ ஜெர்சி மண்ணில் நடந்தது.

முதலில் பென்சில்வேனியா பக்கத்துக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிடலாம். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி 1953 முதல் நடக்கிறது. பார்க்கக் காசு இல்லை. அந்தக் காலத்து உடையில் ஆட்கள், உரை, அணிவகுப்பு, அப்புறம் டர்ஹம் படகுகள். இரும்பு சுமக்கக் கட்டப்பட்ட நீளமான சரக்குப் படகு அது. அதே மாதிரி செய்த படகை ஆற்றில் இறக்கும்போது பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். ஆனால் காற்றோ நீரின் வேகமோ அதிகமானால் படகை இறக்க மாட்டார்கள். அப்படி ஒரு வருஷம் நாங்கள் மாட்டினோம். முன்வரிசைத் தோள்களையும் தொப்பிகளையும் பார்த்துவிட்டு, உரையைக் கேட்டுவிட்டு வீடு திரும்பினோம். குறை சொல்ல முடியாது. ஆற்றோடு யார் சண்டை போடுவது? டிசம்பரில் முன்கூட்டியே ஒரு ஒத்திகையும் வைப்பார்கள். அதற்கு டிக்கெட் உண்டு.

அந்தக் கரையில் நிகழ்ச்சியைவிட எனக்குப் பிடித்தது வேறு. ஆற்றோரமாக வடக்கே சில மைல் போனால் பூங்காவின் மேல்பகுதி வரும். அங்கே தாம்சன்-நீலி வீட்டுக்கு அருகே, அந்தக் குளிர்காலத்தில் முகாமிலேயே இறந்துபோன வீரர்களின் கல்லறைகள். பெரும்பாலும் பெயர் தெரியாதவர்கள். கூட்டம் இல்லாத நாளில் போய் அங்கே பத்து நிமிடம் நில்லுங்கள். பக்கத்தில் 125 அடி உயர பௌமன்ஸ் ஹில் கோபுரம், திறந்திருக்கும் காலத்தில் லிஃப்டில் ஏறலாம். முட்டிவலி உள்ள அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருந்தால் அந்தக் கரைதான் சரி. காரிலேயே இடத்துக்கு இடம் போய்விடலாம்.

இனி இந்தக் கரை, அதாவது நியூ ஜெர்சி. ஃபர்ஸ்ட் டே ஹைக் என்பது 1992-இல் மாசசூசெட்ஸின் ப்ளூ ஹில்ஸில் தொடங்கி, 2012-இல் ஐம்பது மாநிலங்களுக்கும் பரவிய வழக்கம். வருஷப் பிறப்பன்று மாநிலப் பூங்காவில் வழிகாட்டியோடு நடப்பது, அவ்வளவுதான். வழியும் தூரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பெரும்பாலும் குழந்தைகளும் நடக்கிற அளவுதான் இருக்கும். முன்பதிவு வேண்டுமா என்று மட்டும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

இந்தப் பூங்காவுக்குள் கான்டினென்டல் லேன் என்று ஒரு பாதை இருக்கிறது. படை இறங்கிய ஜான்சன் ஃபெரி வீட்டிலிருந்து மேட்டை நோக்கி ஏறும். அன்று படை போனதும் அந்த வழிதான். பார்க்க ஒன்றுமில்லை, மரங்களுக்கு நடுவே ஒரு பாதை. தனியாகப் போனால் பத்து நிமிடத்தில் கடந்துவிட்டு "இதுக்கா வந்தோம்?" என்பீர்கள். விஷயம் தெரிந்த ஒருவர் கூட்டத்தை நிறுத்தி, பீரங்கிகளை இந்த மேட்டில் எப்படி இழுத்திருப்பார்கள், தெற்கே ஜேக்கப்ஸ் ஓடையின் செங்குத்தான கரையில் கயிறு கட்டி எப்படி இறக்கினார்கள் என்று சொன்னால்தான் பாதைக்கு உயிர் வருகிறது. டிரென்டன் சண்டையில் அமெரிக்கத் தரப்பில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் யாரும் இல்லை. வழியில் குளிரில் விறைத்து இறந்தவர்கள்தான் இரண்டு பேர். விரல் மரத்துப்போன நிலையில் இதைக் கேட்பது வேறு. சோபாவில் உட்கார்ந்து படிப்பது வேறு. என் பையன் அதற்குப் பிறகு கையுறையைக் கழற்றவே இல்லை.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு: ஃபோக்ஸ்மார்ச். கிளப்புகள் 10 கிலோமீட்டர் வழி போட்டுக் கொடுக்கும். போட்டி கிடையாது. அவரவர் வேகத்தில் நடந்து புத்தகத்தில் முத்திரை வாங்கிக்கொள்ளலாம். ஜெர்மனியில் பணிபுரிந்த அமெரிக்கப் படைவீரர்கள் வழியாக வந்த பழக்கம். ஜெர்மானியரைத் தோற்கடிக்க நடந்த இடத்துக்குப் பக்கத்தில் ஜெர்மானிய முறையில் நடப்பதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. வாரா வாரம் நடக்கிற ஆட்களுக்கு இது பொருந்தும். முதல் முறை வருபவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். கதை சொல்ல ஆள் இருக்காது.

வெறும் நடை போதும் என்றால் நியூ ஜெர்சி பக்கத்துக் கால்வாய்க் கரை இருக்கிறது. 1830-களில் வெட்டிய கால்வாயின் ஓரப் பாதை, மேடு பள்ளமே இல்லை, ஸ்ட்ரோலர்கூட ஓடும்.

இரண்டு கரைக்கும் நடுவே 1904-இல் கட்டிய இரும்புப் பாலம். ஒவ்வொரு லேனும் ஏழரை அடி அகலம்தான். எதிரே பெரிய வண்டி வந்தால் நான் இன்றும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். காரை இந்தக் கரையில் விட்டுவிட்டு நடைபாதையில் அந்தக் கரைக்குப் போய் வருவது நல்லது. நடுவில் நின்று கீழே பாருங்கள். ஜனவரியில் சில வருஷம் பனிக்கட்டி மிதந்து போகும். குழந்தைகளைக் கேளுங்கள்: இதில் படகு விடுவீர்களா? என் பையன் விடுவேன் என்றான். ஹீட்டர் இருந்தால்.