‘நல்லா இருக்குங்க’ என்பதற்கு அப்புறம் என்ன கேட்பது: நாலு வருஷ நோட்டு

எங்கள் கடைக்கு முதல் ஒன்றரை வருஷம் கூகுளில் வந்த ரிவ்யூக்களை வரிசையாகப் படித்தால் ஒரே ஆள் உட்கார்ந்து எழுதியது மாதிரி இருக்கும். ‘குட் சர்வீஸ்’, ‘சூப்பர்’, ‘நல்ல வேலை’, நடுநடுவே கட்டைவிரல். எல்லாம் அஞ்சு நட்சத்திரம். அதைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று ஒருத்தர்கூடச் சொன்னதில்லை.

ஈரோட்டில் வீட்டு மொட்டை மாடிகளுக்கு சோலார் போடுகிற சின்னக் கடை எங்களுடையது. நான், மச்சான், ஒரு எலக்ட்ரீஷியன், ரெண்டு ஃபிட்டர்கள், அவ்வளவுதான். 3 கிலோவாட் போடுவதென்றால் ஒரு குடும்பம் ரெண்டு லட்சத்தை ஒட்டி எடுத்து வைக்க வேண்டும். அந்தப் பணத்தை ‘சூப்பர்’ என்ற ஒரு சொல்லை நம்பி யார் கொடுப்பார்கள்? வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “இதுக்கு முன்னாடி போட்ட வீட்டுக்காரங்க நம்பர் குடுங்க.”

அப்படி ஒரு நம்பரை வாங்கிப்போன ரிட்டயர்டு டீச்சரம்மா மறுநாளே அட்வான்ஸோடு வந்தார். என்னம்மா பேசினீங்க என்று கேட்டேன். “மழைக்கு ஒழுகுதான்னு கேட்டேன் தம்பி. அவருக்கும் அந்தப் பயந்தான் இருந்துச்சாம். தளத்துல துளை போடாம கான்கிரீட் கட்டை வார்த்து அதுமேல ஸ்டாண்டு நிறுத்துனாங்கன்னு சொன்னாரு. ரெண்டு மழக்காலம் போயிருச்சாம்.” எங்கள் வேலையைப் பற்றி அந்த வீட்டுக்காரர் ஒரு வார்த்தை புகழ்ந்திருக்கவில்லை. தன் பயத்தை மட்டும் சொல்லியிருக்கிறார். அதே பயத்தோடு வந்த அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

அன்று சாயங்காலம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். இது நடந்தது 2021-ல். இப்போது ஓடுவது மூன்றாவது நோட்டு.

வழிமுறை சாதாரணமானதுதான். ஏற்கெனவே சோலார் போட்டுக் கொடுத்த வீட்டுக்காரர்களுக்கு போன் செய்கிறேன், பேசுகிறேன், அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், சரி என்று பதில் வந்த பிறகுதான் வெளியே காட்டுகிறேன். இந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் தப்பான வழிகள் சிலவற்றையும் பார்த்தாயிற்று. கூகுள் ஃபார்ம் அனுப்பினேன், யாரும் நிரப்பவில்லை. வீடியோ எடுத்துப் பார்த்தேன். கேமராவைக் கண்டதும் தலை சீவி, சட்டை மாற்றி, செய்தி வாசிக்கிறவர் மாதிரி ஆகிவிடுகிறார்கள். ஒரு பெரியவர் “என்ன பேசணும்னு எழுதிக் குடுத்துருங்க சாமி, படிச்சர்றேன்” என்றார். நாங்கள் எழுதி அவர் படித்தால் அது எங்கள் நோட்டீஸ் ஆகிவிடும். போனில் மட்டும்தான் மனுஷர்கள் மனுஷர்களாகப் பேசுகிறார்கள். பதிவு செய்துகொள்ளட்டுமா என்று முதலிலேயே கேட்டுவிடுவேன். வேண்டாம் என்றால் கையால் குறித்துக்கொள்வேன்.

முதல் கேள்வியை நாலு வருஷமாக மாற்றவில்லை: “போடலாமா வேண்டாமான்னு நின்னீங்களே, அப்ப எது தடுத்துச்சுங்க?” கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் கஷ்டம். முதலில் “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்பார்கள். அஞ்சு விநாடி சும்மா இருந்தால் வரும். மகன் வேண்டாம் என்றது, பக்கத்து வீட்டுக்காரர் போட்டு ஏமாந்தது, மேகம் மூடினால் என்ன ஆகும் என்ற சந்தேகம்.

அடுத்து பில். பழைய ஈபி பில்லும் புதுசும் இருக்கிறதா என்று கேட்பேன். ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் 3 கிலோவாட்டுக்கு ரெண்டு மாசத்தில் 700 யூனிட்டை ஒட்டி வரும். இதை நான் சொன்னால் வியாபாரப் பேச்சு. ஒரு அக்கா தன் பில்லைப் பார்த்தபடியே ரெண்டு தொகையைச் சொன்னால் அது வேறு. ஏப்ரல், மே பில்லுக்குப் பக்கத்தில் மார்கழி பில்லை வைத்துப் பெருமையடிக்கக் கூடாது. ஏசி ஓடுகிற மாசத்தை போன வருஷத்து அதே மாசத்தோடுதான் ஒப்பிட வேண்டும். ஆரம்பத்தில் இதைக் கவனிக்காமல் ஒரு பில் கணக்கைப் போட்டுவிட்டேன். வந்த ஒரு ஆடிட்டர் ஒரே பார்வையில் பிடித்துவிட்டார்.

அதனால் பேனல் மாட்டிய அன்றே கேட்பதையும் விட்டாயிற்று. அன்றைக்கு எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருப்பார்கள், சொல்வதற்குத்தான் ஒன்றும் இருக்காது. நெட் மீட்டர் (ஈபியிலிருந்து எடுத்ததையும் அதற்குத் திருப்பிக் கொடுத்ததையும் கணக்கிடுகிற மீட்டர்) வந்து ரெண்டு பில் முழுசாக ஓடின பிறகே கூப்பிடுகிறேன். நாலஞ்சு மாசம் ஆகும், ஆகட்டும்.

கடைசிக் கேள்வி என் மச்சானுடைய யோசனை: “உங்க சம்பந்தி கேட்டா என்ன சொல்லுவீங்க?” நண்பருக்கு எதையும் சிபாரிசு செய்துவிடலாம். சம்பந்திக்குச் செய்தால் தீபாவளி பொங்கலுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் வாய்க்கு வந்ததைச் சொல்வதில்லை.

நான் மறைக்கப் பார்த்த ஒரு வாடிக்கையாளர் பேச்சும் உண்டு. பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு இணைத்த ஆன்-கிரிட் சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிற ஈபி ஆளுக்கு ஷாக் அடித்துவிடக் கூடாது என்பதற்காக, பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வெர்ட்டரே அப்படி அணைந்துகொள்ளும். ஒரு அண்ணன் போனில் இதைத்தான் பிடித்துக்கொண்டார்: “உச்சி வெயில் அடிக்குது, மேல பேனல் இருக்குது, ஆனா ஃபேன் ஓடல. எனக்கு வந்த கோவம்! அப்பறம்தான் நீங்க கொட்டேஷன்லயே எழுதியிருந்தது தெரிஞ்சுது. நாந்தான் படிக்கல.” இதை எடுத்துவிடலாம் என்று ரெண்டு நாள் யோசித்தேன். எடுக்காமல் போட்டேன். கடைக்கு வருகிறவர்களுக்குக் காட்டுகிற எங்கள் ஃபைலில் அதிகம் பேர் நின்று படிக்கிற பக்கம் இப்போது அதுதான். குறையையும் சேர்த்துச் சொல்கிறவர் பில் தொகையைச் சொல்லும்போது யாரும் சந்தேகப்படுவதில்லை.

மொழியைத் திருத்தியதிலும் ஒரு தடவை சூடுபட்டேன். “பயமா இருந்துச்சுங்க” என்று ஒரு பெரியவர் சொன்னதை ‘சற்றே தயக்கம் இருந்தது’ என்று மாற்றி அனுப்பினேன். அவர் மகன் கூப்பிட்டார், “எங்கப்பா இப்படிப் பேச மாட்டாரே, யாரு எழுதுனது?” அன்றிலிருந்து எழுத்துப்பிழையைத் தவிர எதிலும் கைவைப்பதில்லை.

இன்னொரு தப்பும் செய்திருக்கிறேன். ரிவ்யூ போட்டால் ஒரு தடவை பேனல் இலவசமாகக் கழுவித் தருகிறோம் என்று சொல்லிப் பார்த்தோம். சன்மானம் கொடுத்து ரிவ்யூ வாங்கக் கூடாது என்பது கூகுளின் விதி. நம்மைப் பிடித்தவர்களிடம் மட்டும் பொறுக்கிக் கேட்பதும் கூடாது. தெரிந்ததும் நிறுத்திவிட்டோம். காசுக்கு அம்பது ரிவ்யூ போட்டுத் தருகிறேன் என்று வந்த ஒருத்தரை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் கொண்டுவந்த விளம்பர வழிகாட்டுதல்களில், பரிந்துரை என்பது சொல்கிறவரின் உண்மையான, ஓரளவுக்குத் தற்போதைய கருத்தாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. இந்தத் ‘தற்போதைய’ என்ற சொல் என்னை உறுத்தியது. ஆகவே வருஷம் ஒரு தடவை பழையவர்களைத் திரும்பக் கூப்பிடுகிறேன். ஒரு வீட்டில் இன்வெர்ட்டர் போய், மாற்றித்தர பதினாறு நாள் ஆகியிருந்தது. அவர் அதையும் சேர்க்கச் சொன்னார், சேர்த்தாயிற்று.

வசதிக் குறைவுகளைச் சொல்லாவிட்டால் இது அனுபவப் பகிர்வாகாது. ஒரு ஆளுக்குப் பேச, எழுத, சரிபார்க்க ஒன்றரை மணி நேரம் போகிறது. பத்துப் பேரைக் கூப்பிட்டால் நாலஞ்சு பேர்தான் கடைசிவரை வருகிறார்கள். ராத்திரி சீரியல் நேரத்தில் கூப்பிட்டால் அதுவும் இல்லை. பில் படத்தில் சர்வீஸ் நம்பர், முகவரி எல்லாம் இருக்கும், மறைக்க வேண்டும். “பேரு வேண்டாங்க, ஊரு மட்டும் போடுங்க, பங்காளிக கண்ணு வெப்பாங்க” என்பவர்கள் நிறைய.

எல்லாவற்றையும் பிரிண்ட் போட்டு பிளாஸ்டிக் ஃபைலில் கல்லா மேல் வைத்திருக்கிறோம். தேதி வரிசை கிடையாது, பய வரிசைதான்: ஒழுகல், மேகம், கரண்ட் கட், ஏமாற்று. 2024 பிப்ரவரியில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் என்று மத்திய அரசு மானியம் அறிவித்த பிறகு ‘மானியம் வருமா’ என்று தனிப் பகுதியே திறக்க வேண்டி வந்தது. போனில் யாராவது ஒழுகுமா என்று கேட்டால் ஒழுகல் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்புகிறேன். முழு ஃபைலையும் அனுப்பிய காலத்தில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

போன வாரம் சத்தியமங்கலத்திலிருந்து ஒருத்தர் வந்து ஃபைலை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: “எல்லாம் சரிங்க. கொரங்கு ஏறி ஆடுனா?”

அதற்குப் பக்கம் இல்லை. அந்தப் பக்கமே நாங்கள் போட்ட ஒரு வீட்டுக்கு இப்போதுதான் முதல் பில் வந்திருக்கிறது. ரெண்டாவது வரட்டும். நோட்டில் ‘குரங்கு’ என்று எழுதி, அந்த வீட்டு நம்பரைப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.