கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு: பழைய சாலை, நான்கு வழிச் சாலை, ஆற்றங்கரைச் சாலை, ரயில்

என் தங்கை மகளுக்குச் சென்ற ஆண்டு தஞ்சாவூரில் வேலை கிடைத்தது. வீடு கும்பகோணத்தில். அங்கேயே அறை எடுத்துத் தங்குவதா, நாள்தோறும் போய் வருவதா என்ற பேச்சு ஒரு வாரம் நடந்து, போய் வருவது என்று முடிவான பிறகு, "எந்த வழியில போறது மாமா?" என்று அவள் என்னிடம் கேட்டாள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இரு சக்கர வாகனத்திலும் பேருந்திலும் ரயிலிலும் அந்த வழியில் சென்று வந்தவன் என்பதால் கேட்டாள். அப்போது அவளிடம் முன்னும் பின்னுமாகச் சொன்னவற்றை, இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

தூரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். எந்த வழி சிறந்தது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் எத்தனை நிமிடம் ஆகும் என்பதைத்தான் சொல்கிறார்கள். நாள்தோறும் போகிறவர் வேறு இரண்டைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. இன்னொருவருடைய பழக்கத்துக்காக நாம் எத்தனை இடங்களில் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பது ஒன்று. பிடிக்கத் தவறினால் என்ன ஆகும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு மோசமான விடை தரும் சாலை, இரண்டாவது கேள்விக்கு நல்ல விடை தரக்கூடும். பழைய சாலைக்கும் புதிய சாலைக்கும் உள்ள வேறுபாடே அதுதான்.

பழைய சாலை தாராசுரம், சுந்தரபெருமாள்கோவில், பாபநாசம், ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை, பசுபதிகோவில் என்று ஊர் ஊராகச் செல்கிறது. வாய்க்கால் வளைந்த இடத்தில் சாலையும் வளைகிறது. கடைத்தெரு குறுகிய இடத்தில் சாலையும் குறுகுகிறது. பிரேக் பிடிக்கும் இடங்களை எண்ணத் தொடங்கினால் பாபநாசம் வருவதற்குள் எண்ணிக்கை தவறிவிடும்.

அறுவடைக் காலத்தில் இந்தச் சாலையின் அகலம் இன்னும் குறைகிறது. குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசியிலும் சம்பா அறுப்பு தையிலும் மாசியிலும் நடக்கும்போது, தார்ச்சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் காயப்போட்டு, வண்டிகள் ஏறிவிடாதபடி ஓரத்தில் கருங்கற்களை வரிசையாக வைத்துவிடுகிறார்கள். இதைக் குற்றமாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் என்பது பொதுவான வரம்பு. மழையில் நனைந்த நெல் அதற்கு மேல் இருந்தால், மத்திய அரசு தளர்வு தரும் வரை விவசாயி காத்திருக்க வேண்டும்; இல்லையென்றால் காயவைத்துக் கொண்டுவர வேண்டும். போதிய உலர்களம் இல்லாத ஊரில் வெயிலை நன்றாக வாங்கும் இடம் தார்ச்சாலை ஒன்றுதான். ஆனால் மாலையில் நெல்லை வாரிக்கொண்டு போகிறவர்கள் கற்களை அங்கேயே விட்டுச் செல்வது மன்னிக்கக் கூடியதல்ல. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாத இரவில் அப்படிப்பட்ட ஒரு கல்லில் முன்சக்கரம் ஏறி நான் விழுந்திருக்கிறேன். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்ததால் முழங்கை சிராய்ப்போடு போயிற்று. அதே கல் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

அடுத்தது பேருந்து. ஒவ்வொரு பேருந்துக்கும் புறப்படும் நேரம் வகுக்கப்பட்டிருக்கிறது. முன்னால் போகும் வண்டி நான்கு நிமிடம் தாமதித்தால், அடுத்த நிறுத்தத்தில் நிற்கும் பயணிகள் யாருக்கு என்ற போட்டி பின்னால் வருபவருக்கும் அவருக்கும் இடையே தொடங்கிவிடுகிறது. வசூலைப் பொறுத்து ஊழியர்களுக்குப் படி கிடைக்கும் தனியார் பேருந்துகளில் இந்தப் போட்டி கடுமையானது. அய்யம்பேட்டைக் கடைத்தெருவில் முந்த முடியாத வண்டி, ஊரைத் தாண்டிய முதல் நேரான பகுதியில் ஏர் ஹாரனை விடாமல் அடித்தபடி எதிர்ப்புறத்துக்கு ஏறி வரும். பல ஸ்வரங்களில் ஒலிக்கும் ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதிகள் தடை செய்திருக்கின்றன. ஆயினும் எதிரே இரு சக்கர வாகனத்தில் வருகிறவர் மண்ணில் இறங்கி ஒதுங்கியே ஆக வேண்டும். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் அரை அடி இறக்கம் இருக்கிற இடத்தில் ஒதுங்குவது எளிதன்று. புதிதாக ஓட்டுகிறவர்கள் விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

லாரிகளின் பின்னால் செல்கிறவர் படிக்க வேண்டிய ஒரு குழப்பமான மொழியும் உண்டு. முன்னே போகும் லாரி வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் அதற்கு மூன்று பொருள் இருக்கலாம்: "நான் வலப்புறம் திரும்பப் போகிறேன்"; "எதிரே வண்டி வருகிறது, முந்தாதே"; "வழி காலியாக இருக்கிறது, முந்திப் போ". மூன்றில் எது என்பதை ஓட்டுநர் கையை வெளியே நீட்டி அசைக்கும் விதத்தைக் கொண்டும், அடுத்து வலப்புறம் கிளைச்சாலை உண்டா என்ற நினைவைக் கொண்டும்தான் தீர்மானிக்க வேண்டும். வெளியூர்க்காரருக்கு அந்த நினைவு இருக்காது. எனவே சந்தேகமிருந்தால் முந்தாமல் பின்னாலேயே போவது என்பதை என் மருமகளுக்கு முதல் பாடமாகச் சொன்னேன்.

இந்தச் சாலையில் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இன்னொன்று. பாபநாசத்துப் பக்கமிருந்து 108 ஆம்புலன்ஸ் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு விரையும்போது எல்லோரும் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். அந்த விஷயத்தில் நம் மக்களைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அப்படித் திறந்த வழியில் ஆம்புலன்ஸின் பின்புறத்தை ஒட்டிக்கொண்டு இரண்டு கார்களும் நான்கு இரு சக்கர வாகனங்களும் பறக்கின்றன. ஆம்புலன்ஸ் போய்விட்டது என்று நினைத்துச் சாலைக்குத் திரும்புகிறவர் இவர்கள் மீதுதான் மோதுகிறார். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு 2022 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் 10,000 ரூபாய் அபராதம் உண்டு. அதன் பின்னால் ஒட்டிச் செல்பவரை யாரும் நிறுத்திக் கேட்டதை நான் பார்த்ததில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும் பழைய சாலையை நான் ஒதுக்கிவிடவில்லை. வளைவும் கடைத்தெருவும் சேர்ந்து வேகத்தைப் பெரும்பாலும் ஐம்பதுக்குள் வைத்திருக்கின்றன. விழுந்தால் தூக்குவதற்கு டீக்கடையிலிருந்து நான்கு பேர் ஓடி வருவார்கள். வண்டி பஞ்சரானால் இரண்டு கிலோமீட்டருக்குள் கடை இருக்கும். இங்கே மற்றவர்களுடைய பழக்கங்கள் எரிச்சலூட்டுபவை, ஆனால் இருபது ஆண்டுகளாக மாறாதவை. எந்த வளைவில் எது வரும் என்பதைப் பழகியவர் முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம்.

நான்கு வழிச் சாலை வேறு விதம். விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் வரை ஏறத்தாழ 165 கிலோமீட்டர் நீளும் இந்தச் சாலையில், கும்பகோணத்துக்கு வடக்கே சேத்தியாத்தோப்பு முதல் சோழபுரம் வரையிலான 50 கிலோமீட்டர் பகுதியைப் பிரதமர் 2025 ஜூலையில் திறந்து வைத்தார். ஊர்களை ஒதுக்கிவிட்டு வயல்களின் நடுவே உயர்த்திய கரைமேல் செல்வதால், பிரேக் பிடிக்கும் இடங்கள் மிகக் குறைவு. காரில் குடும்பத்தோடு பகலில் போகிறவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. என் இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தச் சாலை அச்சமூட்டும் விடையைத் தருகிறது.

எதிர்த்திசையில் வரும் இரு சக்கர வாகனங்களை முதலில் சொல்ல வேண்டும். வீடு ஒருபுறமும் வயல் மறுபுறமுமாகப் பிரிந்துபோன ஊர்களில், சாலையைக் கடக்கும் திறப்பு தொலைவில் இருக்கிறது. அதுவரை சென்று திரும்பி வருவதற்குச் சோம்பி, தவறான பக்கத்தின் ஓரமாகவே வந்துவிடுகிறார்கள். வண்டியின் முன்னால் உரமூட்டையோ பள்ளிக் குழந்தையோ இருக்கும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது; எதிரே நாற்பதில் வரும் வண்டி 11 மீட்டர் கடக்கிறது. இருவருக்கும் இடையே நூறு மீட்டர் இருக்கும்போது ஒருவரை ஒருவர் பார்த்தால், அவர்களிடம் உள்ள நேரம் மூன்று நொடி. இரவில் எதிரே வருபவர் ஹெட்லைட்டை டிம் செய்யாமல் வந்தால் அந்த மூன்று நொடியும் கண்கூச்சத்தில் போய்விடும். அடியில் செல்லும் சுரங்கப்பாதையில் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் தேங்கிவிட்டால், அந்த ஊர்க்காரருக்கு மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் வடிந்த பிறகும் அதே பழக்கம் தொடர்வதுதான் ஏற்க முடியாதது.

இதன் தொடர்ச்சியே சுமை லாரிகள் வலப்பக்கத் தடத்தை விடாமல் செல்வது. இடப்பக்கத் தடம் மெதுவாகச் செல்பவர்களுக்கு உரியது என்பது எல்லா ஓட்டுநருக்கும் தெரியும். ஆனால் அந்தத் தடத்தின் ஓரத்தில் எதிர்த்திசை வண்டியும், விளக்கில்லாமல் நிற்கும் டிராக்டரும், வைக்கோல் ஏற்றிய வண்டியும் இருக்கக்கூடும் என்பதால் லாரி ஓட்டுநர் வலப்பக்கமே பாதுகாப்பு என்று நினைக்கிறார். அவரை முந்த வேண்டிய கார், இடப்பக்கம் புகுந்து முந்துகிறது. அந்த இடப்பக்கத்தில்தான் அந்த எதிர்த்திசை வண்டி வந்துகொண்டிருக்கிறது. ஒருவருடைய சிறு சௌகரியம் மூன்றாவது மனிதரின் உயிருக்கு உலையாவது இப்படித்தான்.

மார்கழி, தை மாத விடியற்காலையில் வயல்களிலிருந்து எழும் மூடுபனி உயர்ந்த கரையையும் மூடிவிடும். பழைய சாலையில் பனி என்றால் எல்லோரும் முப்பதுக்கு இறங்கிவிடுவார்கள். கடை வெளிச்சமும் வீட்டு வெளிச்சமும் ஓரளவுக்கு வழிகாட்டும். நான்கு வழிச் சாலையில் அந்த நேரத்தில் வருகிறவர்களுள் பலர் நள்ளிரவில் சென்னையை விட்டுப் புறப்பட்டுத் தூக்கக் கலக்கத்தோடு வருபவர்கள். ஓரத்தில் நிறுத்தப்பட்ட லாரியின் பின்விளக்கு எரியவில்லை என்றால் அது அங்கே நிற்பதே தெரியாது. ஆகவே இரு சக்கர வாகனத்தில் செல்பவர் விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் இந்தச் சாலையை எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நேரம் மிச்சமாகும் என்பது உண்மை. மிச்சமாவது பதினைந்து, இருபது நிமிடம்.

சுவாமிமலை, கபிஸ்தலம், கணபதி அக்ரகாரம், திருவையாறு என்று காவிரியை ஒட்டிச் செல்லும் சாலை மூன்றாவது வழி. தூரம் சற்றுக் கூடுதல். திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்குள் 13 கிலோமீட்டரில் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என ஐந்து ஆறுகளைக் கடக்க வேண்டியிருப்பதால், ஏதாவது ஒரு பாலத்தில் நெரிசல் ஏற்பட்டால் விலகிச் செல்ல இடமில்லை. சுவாமிமலையில் கிருத்திகை நாளிலும், திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நாட்களிலும் இந்த வழியை மறந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவசரமில்லாமல் செல்ல நான் தேர்ந்தெடுக்கும் வழி இதுவே. வேலைக்குப் போகிறவருக்குப் பொருந்தாது.

ரயிலில் மற்றவருடைய ஓட்டும் பழக்கம் என்ற கேள்வியே எழுவதில்லை. சீசன் டிக்கெட்டுக்கு ஆகும் செலவு பேருந்துக் கட்டணத்தில் சிறு பங்குதான். ஆனால் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையே இன்னும் ஒற்றைப் பாதைதான். எதிரே வரும் ரயிலுக்காகப் பாபநாசத்திலோ வேறொரு நிலையத்திலோ நிற்க வேண்டியிருக்கும். விரைவு ரயில்கள் பண்டாரவாடை, பசுபதிகோவில் போன்ற சிறிய நிலையங்களில் நிற்பதில்லை என்பதால், இடையிலுள்ள ஊர்க்காரர்களுக்கு இந்த வசதி பாதியளவே கிடைக்கிறது. ஒரு ரயிலை விட்டால் அடுத்தது எப்போது என்பதைப் பார்த்துத்தான் வாழ்க்கையை அமைத்துக்கொள்ள வேண்டும். தஞ்சாவூரில் எங்கே வேலை என்பதும் முக்கியம். ராசா மிராசுதார் மருத்துவமனைக்கோ பழைய பேருந்து நிலையத்துக்கோ போகிறவர் ரயிலடியிலிருந்து நடந்தே போய்விடலாம். மருத்துவக் கல்லூரிப் பக்கம் வேலை பார்ப்பவர் நகரப் பேருந்து பிடிக்க வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் என் மருமகளுக்கு அது சுமையாகவில்லை.

ரயிலை உயர்த்திச் சொல்லும்போது ரயில்வே கேட்டையும் சொல்லியாக வேண்டும். கேட் மூடியதும் நம்மவர்கள் இடப்பக்கம் வரிசையாக நிற்பதில்லை; சாலையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு முன்னேறி விடுகிறார்கள். மறுபக்கத்திலும் அதே நிலை. ரயில் போய்க் கேட் திறந்ததும் இரண்டு படைகள் எதிரெதிரே நிற்பதுபோல் தண்டவாளத்தின் மேலேயே முட்டிக்கொண்டு நிற்கின்றன. ரயில் கடக்க ஒரு நிமிடம், அது உண்டாக்கிய சிக்கல் தீரப் பத்து நிமிடம். பாதி அகலத்தை எதிரே வருபவருக்கு விட்டு நின்றால் இரண்டு நிமிடத்தில் எல்லோரும் போய்விடலாம்.

எந்த வழியில் சென்றாலும் இரு முனைகளிலும் உள்ள நகர நெரிசலை முழுவதும் தவிர்க்க முடியாது. கும்பகோணம் காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையே அமைந்த ஊர். நகருக்குள் வரும் வண்டிகள் சில பாலங்களை நம்பியே வர வேண்டும். முகூர்த்த நாளில் கோயில் தெருக்களில் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த கார்களும், நவக்கிரகத் தலங்களுக்கு வந்த வேன்களும் சேர்ந்துவிட்டால் பெரிய கடைத்தெருவைக் கடப்பதற்கே அரை மணி நேரம் ஆகிறது. 2028இல் மகாமகம் வருகிறது. அதற்குள் பாலங்களை அகலப்படுத்துவது ஒருபுறம் இருக்க, பூக்கடை வாசலில் சாலையின் நடுவே வண்டியை நிறுத்திவிட்டு மாலை விலை பேசும் பழக்கத்தையாவது நாம் விட்டாக வேண்டும்.

என் மருமகள் காலையில் ரயிலில் போகிறாள். மாலையில் வேலை முடியும் நேரத்துக்கு ரயில் பொருந்தாததால் பழைய சாலை வழியே பேருந்தில் திரும்புகிறாள். கார்த்திகையில் ஒருநாள், ஸ்கூட்டரில் நான்கு வழிச் சாலையில் போய் வரட்டுமா என்று கேட்டாள். பகலில், தலைக்கவசத்தோடு, அவசர வேலை இருந்தால் மட்டும் என்று சொன்னேன். மார்கழி முழுவதும் அவள் ஸ்கூட்டரை எடுக்கவில்லை. சம்பா அறுவடை முடிந்து சாலையோரக் கற்களை அகற்றும் வரை மாலைப் பேருந்தையும் விட்டுவிட்டு, தஞ்சாவூர் நிலையத்தில் முக்கால் மணி நேரம் காத்திருந்து ரயிலிலேயே வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.